கேள்விக்குறிகளான முந்நூறு பெயர்கள்

திருவண்ணாமலை
28.7.2004

அன்புள்ள அப்பாவுக்கு மதிவதனி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? அம்மா மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார்களா?

விடுதியில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். பள்ளிக் கணினியில் மாணவிகளின் பெயர்களைத் தமிழில் ஏற்றும் வேலையைப் பத்மஜா மிஸ் எனக்கும் என் வகுப்புத் தோழி தனத்துக்கும் தந்திருந்தார். "லிஸ்ட்டு தமிழ்ல இருக்கு. கம்ப்யூட்டர் செட்டிங்கும் தமிழ்ல இருக்கானு பாத்துட்டு சேவ் பண்ணுங்க" என்று தினமும் சொல்வார். நேற்று செட்டிங்கைப் பார்க்காமல் நான்தான் கடைசியாகச் சேமித்தேன். அது ஆங்கிலத்தில் இருந்திருக்கிறது. சேமித்ததும் முந்நூறு பெயர்களும் வெறும் கேள்விக்குறிகளாகிவிட்டன. என் பெயரும்தான்.

"யாருடி கடைசியா சேவ் பண்ணது?" என்று மிஸ் கேட்டார். பயத்தில், "தனம் மிஸ்" என்று சொல்லிவிட்டேன். இனி கணினி அறைப் பக்கமே வராதே என்று அவளை அனுப்பிவிட்டார். தனம் தன் நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் அப்பா.

காலைப் பிரார்த்தனைக்கு முன் மிஸ்ஸிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். மிஸ் உங்களை அழைத்தால் என்னைத் திட்டாமல் வாருங்கள். சனிக்கிழமை பௌர்ணமி, பஸ்ஸில் இடம் கிடைக்காது. அதற்கு முன்பே வந்துவிடுங்கள். வறுத்த மல்லாட்டை (விடுதியில் வேர்க்கடலை என்கிறார்கள்) இரண்டு பொட்டலம் வேண்டும். ஒன்று தனத்துக்கு. என் கையிலிருந்து வாங்குவாளா தெரியவில்லை, நீங்களே கொடுங்கள்.

வார்டன் வருகிறார்.

உங்கள் மகள்
மதி