என் எடைக்கு வளையாத பலகைகள்

ஃபாகர்னெஸ்,
ஈஸ்டர் கழிந்த செவ்வாய்

அன்பு மகள் இங்குனுக்கு, அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், படியிறங்கும்போது மட்டும் முழங்கால் முனகுகிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஈதுனும் உலகத்தின் அந்தக் கோடியில் சுகமாக இருக்க வேண்டும். நியூசிலாந்தில் இப்போது குளிர் தொடங்கியிருக்குமே, குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு. இங்கே மலைக்குக் கீழே பனி உருகித் தெருவெல்லாம் சேறு, பக்கத்து வீட்டு யோருனின் பூனை அந்தச் சேற்றுக் காலோடு என் சோபாவில்தான் வந்து படுக்கிறது.

நேற்று ஃபோனில் நீ கேட்டாய், "அப்பாவை ஈஸ்டர் அதுவுமா கொட்டுற பனியில வெளிய தள்ளினியாமே, எப்படிம்மா மனசு வந்துச்சு?" என்று. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. பேசினால் அழுவேன், அழுதால் நீ எனக்காக வருத்தப்படுவாய், அது எனக்கு வேண்டாம், அதனால் எழுதுகிறேன். முதலில் ஒன்று தெரிந்துகொள், அன்றைக்குப் பனி கொட்டவில்லை. வானம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது.

நம் மலைக்குடிலுக்குப் போகிற வழி உனக்கு மறந்திருக்காது. காரை விட்டு, பனிச்சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு உறைந்த ஏரியைக் கடந்து, பிர்ச் மரங்களுக்கு நடுவே ஏறி, கடைசியில் அந்த மொட்டைச் சரிவு. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் நீயும் அப்பாவும் முன்னால் போய்விடுவீர்கள். நான் ஒரு காலை முன்னே வைத்தால் ஊன்றிய கால் பலகையோடு பின்னால் வழுக்கும், கடைசியில் பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு அடியாக ஏறி வருவேன். நீங்கள் இருவரும் மேலே பாறையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே "நண்டு வருது, நண்டு வருது" என்று கூவுவீர்கள். "உன் பலகைக்கு அடியிலயும் அதே மெழுகுதானே பூசறேன், என்னது பனியில பிடிச்சு நிக்குது, உன்னது நிக்கலைன்னா கோளாறு எங்க இருக்கு?" என்பார் உன் அப்பா. பலகையின் அடியில் ஒட்டிக்கொள்ளும் மயிர்ப்பட்டை உண்டே, முன்னே போகையில் வழுக்கிக்கொண்டு போகும், பின்னே சறுக்கினால் மயிர் சிலிர்த்துப் பனியைப் பிடித்துக்கொள்ளும், அதையாவது வாங்கித் தாருங்கள் என்று கேட்டால், "அதெல்லாம் ஒஸ்லோக்காரங்க சமாசாரம்" என்று முடித்துவிடுவார். நீ அப்போது குழந்தை, உன்னைச் சொல்லவில்லை. ஆனால் உன் கல்யாண விருந்தில் அவர் எழுந்து நின்று அந்த நண்டுக் கதையைச் சொன்னபோது கூடமே சிரித்தது, நீயும் சிரித்தாய், அன்றைக்கு நீ குழந்தை இல்லை.

அவர் என்னை விட்டுவிட்டு மாரித்தோடு வாழப் போன பிறகு, குடில் எந்தக் காலத்தில் யாருக்கு என்று வக்கீல் கேட்டார். உன் அப்பா யோசிக்கவே இல்லை. "கோடையும் வேட்டைக் காலமும் எனக்கு. குளிர்காலம், ஈஸ்டர் எல்லாம் அவளே வெச்சுக்கட்டும், ஏறி வர முடிஞ்சா" என்றார். வக்கீல் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்துகொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

இந்த ஜனவரியில் யோருனிடம் போய், எனக்கு மேடேறச் சொல்லிக்கொடு என்று கேட்டேன். பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள், உனக்குத்தான் தெரியுமே, வாயைத் திற என்கிற குரலில்தான் எல்லாவற்றையும் சொல்வாள். என் பலகையைச் சமையலறைத் தரையில் போட்டு, அதன்மேல் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி, பாதத்துக்கு நேர் கீழே ஒரு செய்தித்தாள் துண்டைச் செருகினாள். தாள் தாராளமாக இங்கும் அங்கும் ஓடியது. பலகை நடுவில் வில் மாதிரி எழும்பி இருக்கிறது இல்லையா, நாம் முழு எடையையும் ஒரு காலில் போடும்போது அந்த வில் அமுங்கி நடுவில் பூசிய மெழுகு பனியில் பதிய வேண்டும், பதிந்தால்தான் பிடிப்பு. என் எடைக்கு அது அமுங்கவே இல்லை. மெழுகு இத்தனை வருஷமும் அந்தரத்தில்தான் இருந்திருக்கிறது. "ஏண்டி, இது யாரு பலகை? உன்னை மாதிரி இன்னொருத்தியும் ஏறி நின்னாத்தான் இது தரையைத் தொடும்" என்றாள். யாருடையது, உன் அப்பாவுடையதுதான். ஒவ்வொரு தடவையும் அவர் புதிது வாங்குவார், காலணி மாட்டும் பூட்டை மட்டும் மாற்றிப் பழையதை எனக்குத் தருவார். யோருன் சிரிக்க வாயெடுத்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காபி போடப் போனாள்.

என் எடைக்கு வளைகிற பலகை வாங்கினேன், மயிர்ப்பட்டையும் வாங்கினேன். பலகை மாறினால் போதாது என்று யோருன் ஏரிக்கரை மேட்டில் என்னை விரட்டினாள். "குனியாதே, குனிஞ்சா எடை முன்னால ஓடிடும். நிமிர்ந்து பாதத்து மேலயே நில்லு. பின்னால உதைக்காதே, கீழ அழுத்து. சின்னச் சின்ன அடி வை, உன்னை யாரு துரத்தறா?" புதுப் பனிக்குக் கெட்டி மெழுகு, உருகி உறைந்த பழைய பனிக்குக் கையெல்லாம் ஒட்டுகிற பசை மெழுகு, செங்குத்தில் நேரே முட்டாமல் குறுக்கே போய்த் திரும்பிக் குறுக்கே போவது. இவ்வளவுதான் விஷயம், வேறு மந்திரம் எதுவும் இல்லை.

புனித வியாழன் காலையில் தனியாகக் கிளம்பினேன். சரிவின் அடியில் பட்டையை ஒட்டிக்கொண்டு, உட்காராமல் மேலே வந்தேன். வந்து பார்த்தால் குடிலில் புகை. உன் அப்பா காபிக் கோப்பையோடு வாசலுக்கு வந்தார். முதல் வார்த்தை என்ன தெரியுமா, "யாரு உன்னைப் பனி ஸ்கூட்டர்ல கொண்டுவந்து விட்டா?" என்றார். யாருமில்லை, ஏறி வந்தேன் என்றேன். "சும்மா சொல்லாதே" என்று சரிவின் விளிம்பு வரை போய் எட்டிப் பார்த்தார். என் தடம் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தது. அப்புறம் என் பலகையைத் திருப்பிப் பார்த்து, "ஓ, பட்டை" என்றார், அவருக்கு மூச்சு வந்தது. மாரித் முகம் சிவந்து உள்ளேயிருந்து வந்தாள், "உங்களுக்குத் தெரியும்னு சொன்னாருங்க" என்று பையை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. உன் அப்பாதான் "இரு மாரித், மூணு பேரும் பெரியவங்கதானே, நாளைக்குக் கிளம்பலாம்" என்றார். நம்பு இங்குன், நான் சரியென்றுதான் சொல்லியிருப்பேன், என் பையில் மூன்று பேருக்குக் காணும் சூப் இருந்தது. ஒன்றே ஒன்று கேட்டேன், அந்தப் பலகைகள் என் எடைக்கு வளையாது என்று உங்களுக்குத் தெரியுமா என்று. அவர் ஒளிக்கக்கூட இல்லை. "தெரியும். நல்ல பலகை, வீணாப் போக வேணாமேன்னுதான். நீயும் கேக்கலையே" என்றார்.

கிளம்புங்கள் என்றேன். நடுப்பகல், வழி முழுவதும் இறக்கம், இருவருக்கும் கைகால் நன்றாக இருக்கிறது. அவ்வளவுதான் நான் செய்தது.

நான் பெரிய சந்தோஷத்தில் இருந்தேன் என்று நினைக்காதே. மீதி நாளெல்லாம் அங்கேயே இருந்தேன், படுக்கையில் வேறு யாருடைய சோப்பு வாசனையோ இருந்தது. வேறு வேலை இல்லாமல் தினமும் அந்தச் சரிவில் இறங்கி ஏறினேன். ஒரு தடவைகூட வழுக்கவில்லை. ஏற ஏற எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு சுலபமாகவா இருந்தது இது?

கிறிஸ்துமசுக்கு நீங்கள் மூவரும் வருவதாகச் சொன்னாய். வந்து இறங்கியதும் முதலில் எந்த வீட்டுக்கு வருவீர்கள் என்று இப்போதே முடிவு செய்து எனக்கு எழுது. அவர் வீடு என்றால் அதையும் எழுதிவிடு, அடுத்தவர் வாயால் தெரிந்துகொள்ள எனக்கு இனித் தெம்பில்லை. ஈதுன் கன்னத்தில் எனக்காக ஒரு முத்தம் கொடு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நெடுநாள் வாழுங்கள்.

உன் அம்மா,
தூரிட்