ஆறு போல்ட் மூடி

மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

ரொட்டிக்கடைக்காரர் மனைவிக்கு இரண்டு விரல் போனதற்கு என் மூடிதான் காரணம் என்று, என்னைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டே கடைக்காரரிடம் சொன்னாய். பிறகு என்னைக் கேட்காமல், நாம் செய்து விற்ற மாவு பிசையும் இயந்திரத்திலிருந்து அந்த மூடியைக் கழற்றிவிட்டுக் கீல் மூடி போட்டாய். இரண்டும் அநியாயம். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். அதனால்தான் எழுதி, நம் பட்டறை வெல்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பல்சக்கரத்தை மூட ஆறு போல்ட் வைத்தேன். முடுக்கிவிட்டால் ஓர் ஆட்டம் இருக்காது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பழுதான இயந்திரங்களைப் பிரித்துப் பிரித்துக் கற்றது. கழற்றியவர்கள் திரும்ப மாட்டாமல் ஓட்டினால் நான் என்ன செய்ய? அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளவா?

அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்க விடமாட்டேன் என்கிறீர்களாம், அண்ணி புலம்புகிறார்.

உங்கள் முன்னால் சொன்னது தவறுதான். ஆனால் சொன்னது பொய் இல்லை அண்ணா. சக்கரத்தில் தினமும் மாவு ஏறுகிறது, தினமும் துடைக்க வேண்டும். அந்த அக்காவே சொன்னார்: "ஸ்பேனரைத் தேடுறதுக்குள்ள அடுத்த மாவு காத்துக்கிட்டிருக்கும்மா. ஆறையும் எவன் மாட்டுறது? மூடியை மூலையில சாத்திட்டோம்." அங்கேதான் இருந்தது, ஒரு கீறல்கூட இல்லாமல்.

இப்போது மூடியைக் கையால் தூக்கலாம். தூக்கினால் சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிடும். நேரில் போய்ப் பாருங்கள், பார்த்துவிட்டுத் திட்டுங்கள். நீங்கள் பட்டறைக்கு வராததால் ஆட்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. எனக்கும் அங்கே இருப்புக்கொள்ளவில்லை.

உங்கள் அன்புத் தங்கை

மார்ச் 17

தங்கைக்கு,

போய்ப் பார்த்தேன். மூடி திறந்திருந்தது, இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. உன் சுவிட்சைக் கம்பியால் அழுத்திக் கட்டியிருந்தார்கள். துடைத்துக்கொண்டிருந்தது அவர்கள் மகள்.

"சக்கரம் கொஞ்சம் சுத்துனாத்தானே பெரியவரே அடுத்த பல்லைத் துடைக்க முடியும்? இது தொட்டதுக்கெல்லாம் நின்னுபோவுது" என்றார் கடைக்காரர். அவர் மனைவி கட்டுப்போட்ட கையோடு கல்லாவில் உட்கார்ந்து, "உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க. பாவம், ஆசையா மாட்டிட்டுப் போச்சு" என்றார்.

சொல்லிவிட்டேன். உன் மூடி தோற்றது. என் மூடியைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதை நீ ஏற்கெனவே ஊரறியச் சொல்லியாயிற்று. எதற்காகத் திறக்கிறார்கள் என்று மட்டும் இத்தனை நாளில் நாம் இருவரும் பார்க்கவில்லை. மாவு உள்ளே போகாவிட்டால் மூடியை எவன் தொடப்போகிறான்?

இனி ஆக வேண்டியது இது. பல்சக்கரத்தை மாவுத் தொட்டிக்குப் பின்னால், முழுக்க அடைத்த தனிப் பெட்டிக்குள் கொண்டுபோக வேண்டும். சக்கரத்தின் தண்டு பெட்டியை விட்டு வெளியே வரும் இடத்தில், மாவு நுழையாதபடி ரப்பர் சீல். வரைய வேண்டியது நீ. பெட்டி செய்வது வெல்டர். அதுவரை கடைக்காரர் கையால் பிசையட்டும். அவர் இயந்திரத்தின் ஃபியூஸைப் பிடுங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அவர் உன்னிடம்தான் வந்து கத்துவார், கேட்டுக்கொள்வது நீ. மற்ற கடைகளுக்கு விற்ற இயந்திரங்களை நிறுத்திப் பட்டறைக்குக் கொண்டுவருவது மெக்கானிக். அந்த அம்மாவிடமும் மகளிடமும் பேச வேண்டியது நான். நீ உடன் வர வேண்டாம். இயந்திரத்தின் பெயர்த் தகட்டில் உள்ள நம் இருவர் பெயரில் என்னுடையதை அரத்தால் ராவி எடுப்பது நீ. பட்டறைச் சாவி இந்தக் கடிதத்தோடு வருகிறது, வாங்கி வைத்துக்கொள்வதும் நீ. புதுப் பெட்டி ஓட ஆரம்பித்த பிறகு ஒருநாள் திறந்து, உள்ளே மாவு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதும் நீயே. எனக்குத் தெரிவிக்க வேண்டாம்.

அண்ணன்