பழ மரத்தில் இரண்டு பூங்குருவிகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் அண்ணனும் நலம், என் முழங்கால் வலியும் ஒரு குறையும் இல்லாமல் நலமாகவே இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலையை நிரந்தரமாக்குகிறார்கள், கையெழுத்துப் போடட்டுமா என்று நீ கேட்டு எழுதி மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாதது கோபத்தில்தான், ஒளிப்பானேன். அண்ணனோடு நம் கண்ணாடிக் கடையில் நீயும் உட்காருவாய் என்று, லென்ஸ் தேய்க்கும் மேஜைக்குப் பக்கத்தில் உனக்கு ஒரு நாற்காலி போட்டு, வேறு யாரையும் உட்காரவிடாமல் காத்துவந்தேன்.

இப்போது நடந்ததைக் கேள். புதுக் கண்ணாடி போட்டவர்களைப் பின்வாசலுக்கு அழைத்துப்போய்ப் பழ மரத்தைப் பார்க்கச் சொல்வேனே, குளிர் தொடங்கியதிலிருந்து அதில் இரண்டு புள்ளிப் பூங்குருவிகள். பெரியது தாய், சின்னது குஞ்சு என்று நானே முடிவுகட்டிவிட்டேன். சின்னது பழத்துக்கு வந்தால் பெரியது துரத்தும். பெற்ற தாயா நீ என்று அதைத் திட்டிவிட்டு, வளராத குஞ்சாயிற்றே என்று சின்னதுக்குத் தினமும் ஆப்பிள் நறுக்கிப் போட்டேன். செவ்வாய்க்கிழமை கண்ணாடி வாங்க வந்த விலங்கியல் டீச்சரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அது குஞ்சே இல்லைங்க, முழுசா வளர்ந்த பறவை, ரெண்டும் வேற வேற இனம், நெருங்கின சொந்தம், அவ்வளவுதான் என்றார். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்கிற எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அன்றைக்கே உன் நாற்காலியைத் தூக்கிப் பின்வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பெரியதற்கு வயிற்றில் வட்டப் புள்ளி, சின்னதுக்கு அம்பு முனை மாதிரி. மழையும் காற்றும் அடிக்கும்போது பெரியது உச்சிக் கிளையில் நின்று பாடுகிறது, பயமே இல்லை. சின்னது ஒரு நத்தையை அலகில் கவ்விவந்து நம் படிக்கல்லில் ஓங்கி ஓங்கி அடித்து ஓட்டை உடைத்தது. அப்புறம் பாட்டின் ஒவ்வொரு அடியையும் இரண்டு மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பாடியது, கிழவன் காதில் விழுந்ததா என்று பார்ப்பதுபோல. அம்மாடி, உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இதற்கா ஆப்பிள் நறுக்கினேன் என்று வெட்கமாக இருந்தது, உன்னை நினைத்து அழுகையும் வந்தது.

கையெழுத்துப் போடு. போடுமுன் ஒரு தடவை நல்ல வெளிச்சத்தில் முழுக்கப் படி. பட்டறையில் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றாதே, இதை மட்டும் மறக்காதே. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், நூறாண்டு நன்றாயிரு. நாற்காலியை அண்ணன் திரும்பக் கடைக்குள் போடக் கேட்டான், கொடுக்கவில்லை. விடுமுறைக்கு வரும்போது நீ அதில் உட்கார், நான் படியில் உட்கார்ந்துகொள்கிறேன். இரும்பை இரும்போடு எப்படி ஒட்டவைக்கிறாய் என்று நீ எனக்குச் சொல்ல வேண்டும், இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா