அஞ்சலை வரைந்த முந்திரித் திரை

என் கண்ணான மருமகளே அஞ்சலை,

நான் அஞ்சாம் வகுப்போட நின்னவன்னு ஊர் சொல்லும். ஒழுங்காப் படிச்சிருந்தா கலெக்டர் ஆகியிருப்பேன், அது உனக்குத் தெரியும். நாலு பேர் படிக்கட்டும்னுதான் இதை எழுதுறேன்.

அரியலூர்ல எந்த ஜன்னலைப் பார்த்தாலும் நீ வரைஞ்ச திரைதான் ஆடுது. ஒரு துரை ரயிலையே நிறுத்தி இறங்கி வந்து, "யார் கை இது?"ன்னு கேட்டான். "என் அக்கா மக. எந்த முதலாளிக்கும் கைகட்டாம வூட்டுலயே உட்கார்ந்து வரையறவ"ன்னேன். தொப்பியைக் கழட்டிட்டான்! நீ இருந்தா, "மாமா, உங்க கதையை அச்சடிக்க ரேஷன்ல அளந்து தர்ற கன்ட்ரோல் துணி பத்தாதுங்க"ன்னு சிரிச்சிருப்பே. இனி என்னை மடக்க யாரும்மா இருக்கா?

ஜுரத்துல நீ போனதும், வழக்கப்படி உன் சேலைகளைச் சலவைக்கார மாரிமுத்துக்குக் கொடுத்தோம். நீ கடைசியா வரைஞ்ச திரைத்துணியும் அந்த மூட்டையில போயிடுச்சு. பழைய போர்வைன்னு நினைச்சு உன் அம்மா கட்டிட்டா. அதைப் பார்த்துத்தான் ஆசாரி அச்சுக்கட்டை செதுக்கணும். வேற பிரதி ஏது?

மருதையாத்துக்கு ஓடினேன், குதிரை தோத்துடும். துணி அலசிக் கொடியில கிடக்குது. ஒரு கோடு இல்லை. "ஐயோ, எனக்குத் தெரியாதுங்களே"ன்னு மாரிமுத்து அழுதான். "அவ கையே போச்சேடா தம்பி"ன்னு அக்கா வூட்டு வாசல்ல சரிஞ்சுட்டா.

படிகாரத் தண்ணியில வரைவே, கண்ணுக்குத் தெரிய லேசாச் சாயம் கலப்பே. அலசினா மேல்சாயந்தான் போகும், படிகாரம் நூலுக்குள்ள தங்கும், அது பட்ட இடத்துலதான் சிவப்பு பிடிக்கும்னு சொல்லுவியே! கொதிக்கிற சிவப்புச் சாயத்துல நானே முக்கினேன். கொஞ்சம் கொஞ்சமா இலை வந்துச்சு. பழம் வந்துச்சு. அதுக்கடியில கொட்டை தொங்குச்சு. அக்கா வாயைப் பொத்திக்கிட்டா. மாரிமுத்து கும்பிட்டுட்டான்.

ஓரத்துல ஒரு கொடி மட்டும் பாதியில நிக்குது. அங்கதான் உனக்கு ஜுரம் கண்டுச்சாம்மா? ஏன் யாரையும் கூப்பிடலை?

"மீதியை நான் இழுத்து முடிச்சுடவா?"ன்னு ஆசாரி கேட்டார். வேணாம்னுட்டேன். எத்தனை திரை அச்சடிச்சாலும் அந்தக் கொடி நீ விட்ட இடத்துலயே நிக்கும். வேற கை அங்க படாது. என் கையும் படாது. இது சத்தியம்.

உன் கல்யாணத்துக்குச் சீர் எடுக்கக் காத்திருந்த
தாய்மாமன்,
உடையார்பாளையம்