சிலோன் வாத்தியார் சனம் சேர்த்த கதை

1967 ஜனவரி 10

பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருக்கும்போது பங்குச் சாமியார் ஜன்னலோரம் வந்து கையைக் காட்டினார். வெளியே போனேன். "கேட்டுட்டேன் வாத்தியாரே. முடியாதுன்னுட்டாரு" என்றார். உள்ளே திரும்பி வந்து, அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்பதை நானே தப்பாக எழுதினேன். பிள்ளைகள் அதையும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

எழுதிவைக்காவிட்டால் விசர் பிடித்துவிடும். யாழ்ப்பாணத்துப் பாசையூரில் பிறந்தவன் நான். வில்லியனூர்ப் பக்கம் இந்த மாதா கோயில் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியாராக வந்து ஏழு மாதம். பக்கத்து அறையில் ஒன்றாம் வகுப்பு எடுக்கும் எலிசாவைக் கட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு ஆறரை மாதம். அவளுடைய அப்பா மரியசுந்தரத்திடம் கேட்கச் சொல்லிச் சாமியாரை அனுப்பினேன். வந்த பதில்: "நல்ல பையன்தான் சாமி. ஆனா கடலுக்கு அந்தாண்டேர்ந்து ஒண்டியா வந்த ஆளு. நாளைக்கு ஒரு சண்ட சச்சரவுன்னா யாரக் கூப்ட்டுப் பேசறது? பொண்ணு கேட்டு வர்றதுக்கே நாலு சனம் இல்லியே."

கரும்பும் நெல்லும் போடுகிற மனிதர். சொன்னதில் பிழையில்லை, அதுதான் எரிச்சல். எனக்கு இருப்பது அம்மா ஒருத்தி. அவவுக்குப் படகைப் படத்தில் பார்த்தாலே வாந்தி வரும்.

ஜனவரி 11

சனம் இல்லையாம். சேர்த்துக் காட்டுகிறேன், இருங்கோ.

ஜனவரி 14

மதலேனாள் அக்கா வீட்டில்தான் வாடகைக்கு இருக்கிறேன். ஊரில் எந்த வீட்டில் என்ன குழம்பு, எந்த வீட்டில் என்ன சண்டை, எல்லாம் அவருக்கு அத்துப்படி. எலிசாவின் பேரைச் சொல்லாமல், ஊராரோடு ஒட்டுவதற்கு என்ன வழி என்று கேட்டேன்.

"சாவுக்குப் போ" என்றார். "கல்யாணம்னா கூப்ட்டாதான் போவணும். சாவுக்கு யாரும் கூப்புட மாட்டாங்க, யார் வேணா போவலாம். நாலு சாவுல தலையக் காட்டு, அப்புறம் நீ ஊரு ஆளு."

இதை யாழ்ப்பாணத்திலும் சொல்வார்கள். மறந்துபோனேன்.

ஜனவரி 19

போனேன். ஐயோ.

மேலத் தெருவில் ஒரு பெரியவர். யார் என்றே தெரியாது. ஒரு மாலை வாங்கிக்கொண்டு போய் நின்றேன். மேளச் சத்தத்தில் அம்மாவை நினைத்தேன், எலிசாவை நினைத்தேன், அழுகை வந்துவிட்டது. சும்மா இல்லை, தோள் குலுங்குகிற அழுகை. செத்தவரின் சொந்த மகன்மார்கூட அவ்வளவு அழவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

அவருடைய மனைவி எழுந்து நேரே என்னிடம் வந்தார். "யாருய்யா நீ?"

"சிலோன்காரன் அம்மா."

தப்பு. பெருந்தப்பு. செத்தவர் வாலிபத்தில் கொழும்பில் கடை வைத்திருந்தவராம்! அந்த அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் திருப்பிப் பார்த்தார். "மூக்கப் பாருங்கடி! அதே மூக்குடி! அதான பாத்தன், அந்த ஆளு ரெண்டு வருசம் அங்க இன்னா பண்ணிக்கினு இருந்தான்னு!" என்று பிணத்தைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார். மகன்மார் எழுந்தார்கள். நான் வரப்பு வழியாக ஓடினேன். செருப்பு ஒன்று அங்கேயே கிடக்கிறது.

ஜனவரி 20

மூத்த மகன் செருப்பைக் கொண்டுவந்து கொடுத்தான். நான் யார் வீட்டுப் பிள்ளை என்பதைச் சாமியார் போய் விளக்கிச் சொன்னாராம். ஆனாலும் அவன் போகும்போது, "உனுக்கு இன்னா வயசு?" என்று கேட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனான். "எதுக்கும் அண்ணேன்னே கூப்டு" என்றான்.

ஒரு அண்ணன் கிடைத்துவிட்டார். ஆரம்பம் மோசமில்லை.

பெப்ரவரி 3

வெள்ளிக்கிழமை, இறைச்சி இல்லை. கடற்கரைக் குப்பத்திலிருந்து கூடையோடு வருகிற வனஜாவைக் கூப்பிட்டேன். செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது நேற்றைய மீன்" என்றேன். கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சண்டைக்கு நின்றாள். நான் விடவில்லை. கண்ணைக் காட்டினேன், வயிற்றை அமுக்கிக் காட்டினேன், அடியில் ஒளித்துவைத்திருந்த இன்றைய மீனை நானே எடுத்தேன். தெருவே கூடிவிட்டது.

"கடக்கரையில பொறந்தவனா நீ?"

"ஓம். அப்பா வலை போட்டவர்."

அவள் முகம் மாறிவிட்டது. "அத மொதல்லியே சொல்றதுக்கு இன்னாண்ணே? எனக்குக் கூடப்பொறந்தவன் இல்ல. இனிமே உனுக்குப் பழைய மீன் குடுத்தன்னா என் கைய ஒடி."

மீனைத் தேங்காய்ப்பாலில் சொதி வைத்துச் சாப்பிட்டேன். தங்கச்சி ஒன்று. கொஞ்சம் கண் கலங்கிற்று, மிளகாயால் இல்லை.

பெப்ரவரி 11

வனஜாவின் புருசன் உத்திராபதி வந்திருந்தார். அவருடைய கருவாட்டை மாட்டுவண்டியில் சந்தைக்கு ஏற்றிப்போவது வேறு யாருமில்லை, எலிசாவின் அண்ணன் செபாஸ்டின்! இருவரும் பல வருடமாய் அண்ணன் தம்பி மாதிரியாம். "வா மச்சான்" என்று என் முதுகில் ஒரு அறை விட்டார். இரவு மல்லாந்து படுக்க முடியவில்லை. ஆனாலும் மச்சான் மச்சான்தான்.

பெப்ரவரி 24

இவ்வளவு நாள் இது என் மூளைக்கு எட்டவில்லையே! இந்த ஊருக்கு நான் கணக்கு வாத்தியார் இல்லை. சிலோன் ரேடியோ வருகிற நாட்டின் ஆள்.

தேநீர்க் கடையில் ஒருவர் கேட்டார்: "சிலோன் ரேடியோவுல பாட்டுக்கு முன்னால பேரு படிக்கறாங்களே, அங்க உனுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் கீறாங்களா?" என் ஒன்றுவிட்ட தம்பி வானொலி நிலையத்துக்கு எதிர்ப்புறம் தேத்தண்ணிக் கடையில் வேலை செய்கிறான். "என்ர தம்பி அங்கேதான்" என்றேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

மாலைக்குள் வாசலில் கூட்டம். இவர் பேர், அவர் பேர், மச்சினி பேர். அருள்சாமி என்று ஒருவர், கொஞ்சம் வெட்கப்பட்டு, "எங்க மாட்டுப் பேரும் சேத்துப் போடச் சொல்லு, ராசான்னு" என்றார். தபாலட்டை வாங்கி எல்லார் பேரும் எழுதி அனுப்பினேன். யார் வாசிக்கப் போகிறார்கள்!

மார்ச் 14

வாசித்துவிட்டார்கள்!!

தேநீர்க் கடையில் மேசை உடைந்தது. "வில்லியனூரிலிருந்து அருள்சாமி, ராசா" என்று வந்ததும் அருள்சாமி எழுந்து ஓடினார், மாட்டிடம் சொல்ல. என்னைத் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றினார்கள். இப்போது இந்தக் கொம்யூனில், சுற்றுப்பட்டு ஊரெல்லாம் சேர்த்து, எனக்கு அண்ணன்மார், தம்பிமார், மாமன்மார் எத்தனை என்று எனக்கே தெரியாது. தபால்காரர் என்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குகிறார். வயலில் நின்ற மரியசுந்தரம்கூடத் தலைத்துண்டை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

மார்ச் 28

சர்வேசுரனே, என் வேண்டுதல் பலித்தது. செபாஸ்டின் வீடு தேடி வந்து, "எம் புள்ள ஞானஸ்நானத்துக்கு நீதான் ஞானத்தகப்பனா நிக்கணும்" என்று கேட்டான். எலிசாவின் அண்ணன்! அவர்கள் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டேன். உடனே சரி சொன்னேன். புது வேட்டி வாங்க வேண்டும்.

ஏப்ரல் 2

ஞானஸ்நானம் முடிந்தது. பிள்ளை என் புது வேட்டியை நனைத்துவிட்டது. எலிசா நீலச் சேலை. சரியான வடிவு. விருந்தில் எனக்குத்தான் முதல் இலை.

வீட்டுக்கு வந்து மதலேனாள் அக்காவிடம் இனியாவது சொல்லலாம் என்று எலிசா விஷயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டார். "அட கூறுகெட்டவனே! செபாஸ்டின் புள்ளைக்கு நீ தகப்பன்னா, செபாஸ்டின் உனுக்கு இன்னா வேணும்? பொறந்தவன்! அவன் தங்கச்சி உனுக்கு இன்னா வேணும்?"

நான் கணக்கு வாத்தியார். விடை உடனே வந்துவிட்டது.

ஏப்ரல் 3

லீவு. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன்.

ஏப்ரல் 9

இதைவிடக் கேவலம் உலகத்தில் உண்டா? பூசை முடிந்ததும் மரியசுந்தரம் என் தோளில் கைபோட்டு ஓரமாய்க் கூட்டிப்போனார். "நீ அன்னிக்குக் கேட்டத நான் மனசுல வச்சுக்கல. இப்ப நீ எங்க வூட்டுப் புள்ள. ஊரெல்லாம் உனுக்கு ஆளு கீது. தங்கச்சிக்கு ஒரு நல்ல மாப்ளயா நீயே பாரு."

நான் எலிசாவுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும். நான்! எலிசாவுக்கு! மாப்பிள்ளை!

"ஓம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஏன் சொன்னேன்? என்ர வாயில் மண்ணை அள்ளிப் போட!

ஏப்ரல் 16

செல்லிப்பட்டில் ஒரு பையனைப் பார்த்துவிட்டு வந்தேன். தங்கமான பையன். "தும்மினால் ஆற்றுக்கு அந்தக் கரைக்குக் கேட்கும்" என்று மரியசுந்தரத்திடம் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டார்.

ஏப்ரல் 23

பாகூரில் ஒரு குமாஸ்தா. சிரித்துக்கொண்டே தூங்குகிறான் என்று சொன்னேன். அது எனக்கு எப்படித் தெரியும் என்று நல்லவேளை அவர் கேட்கவில்லை.

ஏப்ரல் 30

தவளக்குப்பத்தில் இன்று பார்த்தவனிடம் ஒரு குறையும் இல்லை. படிப்பு, பணிவு, சொந்தக் கிணறு. எனக்கே தலைவாழை இலையில் சோறு போட்டான். திரும்பி வரும் வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். கடைசியில், "மீன் சாப்பிட மாட்டானாம்" என்றேன்.

"மீன் துன்னாதவனா?" மரியசுந்தரம் முகம் சுளித்தார். "வாணாம்பா. வூட்டுக்கு வந்தா இன்னாத்தப் போடறது?"

மே 4

எலிசா பள்ளிக்கூட வராந்தாவில் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா சார், தும்மறது ஒரு கொறையா?"

நான் சாக்குக்கட்டியை எடுக்கிற மாதிரிக் குனிந்தேன்.

"தவளக்குப்பத்துக்காரர் நேத்து சந்தையில எங்க அண்ணன்கிட்ட வஞ்சிரம் விசாரிச்சாராம். யார் சார் சொன்னது மீன் துன்ன மாட்டாருன்னு?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சாவு வீடு, ரேடியோ, மாடு, எல்லாம். அவள் சிரிக்காமல் கேட்டாள். பிறகு, "எங்கப்பாகிட்ட கேட்டீங்க. சாமியார்கிட்ட கேட்டீங்க. கொம்யூன் பூரா கேட்டீங்க. என்கிட்ட கேட்டீங்களா?" என்றாள்.

இல்லை. கேட்கவே இல்லை. இந்த மண்டைக்கு அது தோன்றவே இல்லை.

"இப்ப கேட்கலாமா?"

"கேளுங்க."

அந்த நேரம் பார்த்து மணி அடித்துவிட்டார்கள். ஒன்றாம் வகுப்பு முழுதும் எங்களுக்கு நடுவால் ஓடிற்று. ஆனாலும் கேட்டேன், கத்தித்தான் கேட்டேன். அவள் சரி என்று தலையை ஆட்டினாள். எனக்கு மேலே எழுத வரவில்லை. "முறைய நான் பாத்துக்கறேன், வனஜாக்கா எப்ப வருவாங்க?" என்று கேட்டாள்.

மே 8

இன்று காலை வனஜா மீன் விற்கவில்லை. கூடையோடு நேரே மரியசுந்தரம் வாசலுக்குப் போய் நின்றாள். நானும் உத்திராபதியும் பின்னால். பாதித் தெரு எங்களுக்குப் பின்னால்.

"மாமா, எம் புருசனும் செபாஸ்டினும் பொறந்தவன் மாதிரி. உண்டா இல்லியா?"

"உண்டு. அதுக்கு இன்னா இப்ப?"

"அப்ப எலிசா எனக்கு நாத்தனா. இந்த வாத்தியாரு என் அண்ணன். எங்கண்ணன் எந்நாத்தனாவக் கட்டலாமா கூடாதா?"

மரியசுந்தரம் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். "அவன் எம் பேரனுக்கு ஞானத்தகப்பன்டி. அண்ணன் முறை."

"அது ஏப்ரல் மாசம். நான் அண்ணேன்னு கூப்ட்டது பெப்ரவரி. எது மூத்த முறை?"

தெருவில் ஆளுக்கொரு கணக்குப் போட்டார்கள். சாமியாரைக் கூட்டிவந்தார்கள். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "கோயில் சட்டத்துல ஒரு தடையும் இல்ல. உங்க ஊரு சட்டத்துக்கு என்னைய இழுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மரியசுந்தரம் உள்ளே பார்த்தார். எலிசா கதவோரம் நின்றாள். அப்பாவும் மகளும் என்ன பார்த்துக்கொண்டார்களோ, எனக்குத் தெரியாது. அவர் என் பக்கம் திரும்பி, "ஞாயித்துக்கெழம உன் சனத்தோட வந்து மொறையாக் கேளு" என்றார்.

மே 14

மாலை நாலு மணிக்குப் புறப்பட்டோம். வெற்றிலை, பழம், பூ எல்லாம் மதலேனாள் அக்கா தட்டில் அடுக்கினார். நாலு சனம் வந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். தெரு தாண்டுவதற்குள் வண்டி வண்டியாய் வந்து சேர்ந்தார்கள். குப்பத்து ஆட்கள், தேநீர்க் கடைக்காரர், கொழும்புக் கடைப் பெரியவரின் பெண்சாதி, மகன்மார். அருள்சாமி ராசாவுக்குக் கொம்பில் வர்ணம் பூசி ஓட்டிவந்தார். செபாஸ்டின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "நான் உன் தம்பிதான?" என்று என் வண்டியில் ஏறிவிட்டான். எலிசாவின் தாய்மாமன்கூட, ரேடியோவில் தன் பேர் வந்த நன்றிக்காம், எங்கள் வண்டியில்தான் இருந்தார்.

அங்கே வீட்டுக்குள் இரண்டு பக்கமும் பாய் விரித்திருந்தார்கள். எங்கள் பக்கம் பாயில் இடமில்லாமல் வாசல்வரை ஆட்கள் நின்றார்கள். எதிர்ப்பக்கத்துப் பாயில் மரியசுந்தரம் ஒருத்தர். சலவை வேட்டி, தோளில் துண்டு. பக்கத்தில் காப்பிக் குண்டான்.

அவர் ஒவ்வொரு முகமாய்ப் பார்த்துக்கொண்டு வந்தார். தன் மகன், தன் மச்சினன், தன் அடுத்த வயல்காரன் எல்லாரும் எங்கள் பக்கம். உதடு துடித்தது. கோபமா, அழுகையா, எனக்கு விளங்கவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்:

"மாப்ள, உன் ஆளுங்கள்ல ஒரு பத்து பேர எனக்குக் குடேன்."

கேட்டுப் பார்த்தேன். செபாஸ்டினைக் கேட்டேன், வண்டி ஏறிவந்தாயிற்று என்றான். தாய்மாமனைக் கேட்டேன். வனஜாவைக் கேட்டேன். அருள்சாமியைக் கெஞ்சினேன். "நாங்க மாப்ள வூடு" என்று ஒருத்தரும் அசையவில்லை.

அதனால் நான் எழுந்தேன். தட்டை மதலேனாள் அக்கா கையில் கொடுத்துவிட்டு, நடுவால் நடந்துபோய், மரியசுந்தரத்துக்குப் பக்கத்தில் அந்தப் பாயில் உட்கார்ந்துகொண்டேன்.