பழைய ஸ்டேஷனில் ஒளித்த டப்பா

ஜூன் 3, செவ்வாய்

விடிய விடிய மழை. ரப்பர் மரமெல்லாம் ஈரம், பால்வெட்டு இல்லை. ஆட்டுக்குப் புல்லறுக்கப் பழைய ஸ்டேஷன் பக்கம் போனேன். தண்டவாளம் கழற்றி எத்தனையோ காலம், மேடையும் சுவரும்தான் மிச்சம். அங்கே ஒரு குடைக்குள் இளசுகள் இரண்டு. கொழும்பாம், புருசன் பெண்சாதி. போனைப் பார்ப்பதும் சுவர்ப் பொந்தில் கையை விடுவதும்.

"என்ன தம்பி, ரயிலுக்கா நிக்கிறீங்க? கொஞ்சம் லேட்டாகும்."

ஒரே சிரிப்பு. யாரோ ஒளித்துவைத்த டப்பாவைத் தேடும் விளையாட்டாம். இடத்தைப் போன் காட்டுமாம். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பேரெழுதி, ஒரு சின்னச் சாமான் எடுத்து, பதிலுக்கு ஒன்று வைத்து, அதே இடத்தில் திரும்ப ஒளிக்க வேண்டும்.

"காசு கெடைக்குமா?"

"ஒன்னும் கெடைக்காதுக்கா."

"அப்ப நல்ல தொழில்தான்."

மேடைக்கு அடியில் கிடைத்தது. வீட்டுக்குக் கூட்டிவந்து பிளேன்டீ, ரொட்டி. அந்தப் பொம்பிளைப் பிள்ளை போகும்வரை பூனையை மடியை விட்டு இறக்கவில்லை. போன பிறகு வீடு முன்னையைவிடச் சத்தமில்லாமல்.

மகள் போன் எடுக்கவில்லை. வேலையாயிருக்கும்.

ஜூன் 5, வியாழன்

மழை. டப்பாவை எடுத்துவந்துவிட்டேன். நனையும் என்று எனக்கே ஒரு சாக்கு. தேடி வருகிறவர்கள் டப்பா இல்லையென்றால் பக்கத்து வீட்டில்தானே கேட்பார்கள்? பக்கத்து வீடு என்னுடையது. செத்துப்போன என் வீட்டுக்காரர் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். உள்ளே ஒரு பொம்மைக் கார், வெளிநாட்டுச் சில்லறை, தாள்.

எங்கள் லயத்து வரிசையில் அடுத்த காம்பிரா வீட்டுப் பாக்கியத்திடம் சொன்னால்:

"லயத்துல இருக்கிறவளே ஒன்னய எட்டிப் பாக்கல. டப்பாவத் தேடி வாறவன் ஒன்னயா தேடப் போறான்?"

நானும் சேர்ந்து சிரித்தேன். கதவைச் சாத்திய பிறகு சிரிப்பு வரவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

வெயில். மோட்டார் சைக்கிளில் இரண்டு சிங்களப் பொடியன்கள். குனிந்து குனிந்து தேடுகிறார்கள். கேட்க வருவார்கள் என்று முதலில் தண்ணீர் கொதிக்கவைத்தேன். வரவில்லை. ஓடிப்போனால் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

"அனே அம்மே, பெட்டி இல்ல," என்றான் ஒருவன் அரைகுறைத் தமிழில். முந்தாநாள் வந்தவர்களும் டப்பாவைக் காணோம் என்று போனில் போட்டுவிட்டார்களாம். முந்தாநாள் நான் பால்வெட்டில், வீடு பூட்டு. இன்னும் ஓரிருவர் அப்படிப் போட்டால் போனிலிருந்து இந்த இடத்தையே எடுத்துவிடுவார்களாம். பிறகு ஒருத்தரும் வரமாட்டார்கள்.

டப்பா என் வீட்டில் என்று சொல்ல வாய் வரவில்லை. கள்ளி என்று நினைத்துவிட்டால்?

மூன்று கோப்பை பிளேன்டீ. மூன்றையும் நானே குடித்தேன்.

மகள் எடுத்தாள். "பொறகு பேசுறேம்மா."

ஜூன் 9, திங்கள்

காலையில் பேர் கொடுக்கும் பிரட்டுக்கு முன்னாலேயே போய் டப்பாவைப் பழைய இடத்தில் வைத்தாயிற்று. பொலித்தீன் சுற்றி. அவர் போன பிறகு போடாத கண்ணாடி வளையல் ஒன்றும் உள்ளே. இனி என்னிடம் யாரும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை.

பூனைக்கு நெத்தலி வாங்க வேண்டும்.

ஜூன் 11, புதன்

நல்ல வெயில். பால் எடுக்கும் நேரம் மேட்டிலிருந்து பார்த்தேன். ஸ்டேஷனில் இரண்டு பேர். உடனே கிடைத்துவிட்டது, குதிக்கிறார்கள். "ரயில் போயிருச்சுங்கோ!" என்று கத்தினேன். கேட்கவில்லை. இந்தப் பக்கம் திரும்பாமலே போய்விட்டார்கள்.

வேலை முடிந்து போய்த் திறந்தேன். வளையல் இல்லை. அந்த இடத்தில் மஞ்சள் தலைக் கிளிப் ஒன்று, வண்ணாத்திப்பூச்சி மாதிரி.

நாளைக்குக் குத்திக்கொண்டுதான் பிரட்டுக்கு. பாக்கியம் கேட்பாள். தேடி வந்து குடுத்தாங்கடி என்பேன்.