படிக்காமல் எரிந்த இரண்டாம் பக்கம்

பாப்பாவின் அம்மாவுக்கு, நான் சௌக்கியம். உன் முதுகுவலி குறைந்ததா?

பயப்படாதே, சின்ன விஷயம்தான். கலங்கரை விளக்கின் பெரிய கண்ணாடி வெயிலைக் குவித்துச் சுட்டுவிடும் என்பதால், பகலில் திரை மூடியே இருக்க வேண்டும். இன்று காலை உன் கடிதத்தைப் படிக்க வெளிச்சம் வேண்டுமென்று திரையை விலக்கினேன். அதிகாரியின் படகு வரவே, எல்லாவற்றையும் அப்படியே மேஜையில் போட்டுவிட்டுக் கீழே ஓடினேன். நூறு வருஷத்து மேஜை கருகிவிட்டது.

"யாருய்யா திரையைத் திறந்தது?" என்று அதிகாரி கத்தினார். நான் வாயே திறக்கவில்லை.

"நான்தாங்க. வயசாயிடுச்சு, மறந்துட்டேன்" என்றார் என்னோடு வேலை பார்க்கும் பெரியவர். என் முகத்தை மறைத்துக்கொள்ள இந்தத் தட்டைத் தீவில் ஒரு மேடுகூட இல்லை.

உன் கடிதத்தின் இரண்டாம் பக்கம் படிப்பதற்குள் எரிந்துவிட்டது. திட்டியிருந்தால் அப்படியே திரும்ப எழுது, எனக்கு வேண்டியதுதான்.

படகு கிளம்பப் போகிறது. பெரியவரை வேலையை விட்டு அனுப்புகிறார்கள். இந்தக் கடிதத்தையும் தானே தபாலில் போடுவதாகச் சொல்லி, கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.